கியர்பாக்ஸ் பல் முளைத்த மாதம்

ஜீப்பக்காவின் கியர்பாக்ஸுக்கு முதல் பல் முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. அந்த வாரம் டீசல் விலை கொஞ்சம் ஏறியிருந்தது, வெங்காயம் இறங்கியிருந்தது, கடைத்தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடப்படாமல் கிடந்தது. ஆகவே பல் விஷயத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் பார்த்தவன் அவளுடைய தம்பி, தொழிலால் மெக்கானிக். பெஞ்சின்மேல் மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்த கியர்பாக்ஸை அவன் துடைத்துக்கொண்டிருந்தபோது துணியின் நூல் ஒன்று ஷாஃப்ட்டில் மாட்டி இழுத்தது. பிசிறு என்று நினைத்து அரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு குனிந்தான். பிசிறு இல்லை. நான்காவது பல்லுக்கும் ஐந்தாவது பல்லுக்கும் நடுவே, அரை அரிசி அளவுக்கு, வெள்ளையும் வெள்ளியுமாக ஒன்று எட்டிப் பார்த்தது. விரலை வைத்தான், சுருக்கென்றது. அரத்தை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு அக்காவுக்குப் போன் செய்து, "அக்கா, ஷாஃப்ட்டுல பல்லு முளைக்குது. அவசரமில்ல, சாப்பிட்டுட்டு வா," என்றான்.

அவளுடைய சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டுமே இருந்தது. கீழே கடைத்தெருவுக்கும் சரி, மலைமேல் இருந்த ஐம்பத்தெட்டு வீடுகளுக்கும் சரி, அவள் ஜீப்பக்காதான். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில் காலையில் ஏறி மாலையில் இறங்குவதைப் பத்தொன்பது வருஷமாகச் செய்துவந்தாள். கேஸ் சிலிண்டர், மாத்திரை, கடிதம், பள்ளிக்கூட நோட்டு, கோழித் தீவனம், விருந்துக்கு வந்த மருமகன், கோபித்துக்கொண்டு போகிற மருமகள், எல்லாம் அந்த ஜீப்பில்தான் ஏறும். மற்ற வண்டிகள் அந்தப் பாதையில் ஏறவே ஏறாது என்று சொல்ல முடியாது. ஏறும், ஒன்பதாவது வளைவு வரைக்கும். அங்கே பாதை சட்டென்று நிமிர்ந்து நிற்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிகூட அந்த இடத்தில் ஒரு தடவை யோசிக்கும். ஜீப்பக்காவின் ஜீப் யோசிப்பதில்லை. யோசிக்கிற வயதையெல்லாம் அது எப்போதோ தாண்டியிருந்தது.

அந்த வயசின் காரணமாகவே அதன் பெட்ரோல் இன்ஜின் ஒருநாள் நடுவழியில் பல்லிளித்துவிட்டது. தம்பி பழைய இரும்புக் கிடங்குகளில் அலைந்து, உடைத்துப் போட்டிருந்த ஒரு வேனிலிருந்து நல்ல டீசல் இன்ஜின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். இன்ஜினை மாற்றுவது பெரிய காரியமில்லை. மாற்றிய இன்ஜினை ஏற்கெனவே இருக்கிற கியர்பாக்ஸோடு சேர்த்து வைப்பதில்தான் மெக்கானிக்குகளின் தலைமுடி கொட்டுகிறது. முதலில் இரண்டின் போல்ட் ஓட்டைகளும் ஒன்றையொன்று பார்க்கவே மறுத்தன. லேத் பட்டறைக்காரர் நடுவில் வைக்கக் கனமான ஒரு இரும்புத் தட்டு கடைந்து கொடுத்தார். அடுத்து ஷாஃப்ட்டின் நுனி உட்காரும் புஷ் பெரிதாக இருந்தது. அதையும் அவரே கடைந்தார். கடைசியில் கிளட்ச் பிளேட்டில் வந்து எல்லாம் நின்றது. இன்ஜினின் கிளட்ச் பிளேட்டில் நடுத்துளையைச் சுற்றி, பல் உட்காரும் பள்ளமாகப் பதினான்கு காடி. கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வந்து அதற்குள் நுழைய வேண்டிய ஷாஃப்ட்டிலோ பத்தே பல். பழைய பிளேட்டின் நடுப்பகுதியை வெட்டிப் புதுப் பிளேட்டில் வைத்து ரிவெட் அடிக்கலாம்; ஆனால் அந்த டீசலின் இழுப்புக்கு அது முதல் மேட்டிலேயே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வேனின் கியர்பாக்ஸையே மாட்டலாமென்றால், நாலு சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அதனோடு சேராது. சரியான ஷாஃப்ட்டைச் செய்வதை ஜீப் கம்பெனி நிறுத்தி முப்பது வருஷமாகியிருந்தது. வேறு வழி தோன்றாமல், தம்பி கியர்பாக்ஸைப் பெஞ்சின்மேல் நிறுத்தி, கிளட்ச் பிளேட்டை அதற்கு நேர் எதிரே சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவைத்தான். இரண்டும் பத்தொன்பது நாள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இருபதாம் நாள்தான் மேற்சொன்ன செவ்வாய்க்கிழமை, மாதத்தின் மூன்றாம் தேதி.

தேதியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலைக் குடியிருப்புச் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை சரக்கு ஏற்றும் உரிமையைப் புதுப்பிக்கும். இதுவரை அது வெறும் கையெழுத்து. இந்த வருஷம் பெரிய டவுனிலிருந்து ஒரு கம்பெனி தன்னுடைய புத்தம் புது பிக்கப் வண்டியின் படத்தைப் பளபளக்கும் தாளில் அச்சடித்து, ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் ஆளுக்கொன்று அனுப்பியிருந்தது. சங்கத்தின் செயலாளர் அம்மாள் நியாயஸ்தர். போனில் ஜீப்பக்காவிடம், "முப்பதாம் தேதிக்குள்ள உன் வண்டி மேல வந்து நிக்கணும்மா. நின்னா உரிமை உனக்கு. நிக்கலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இங்க சிலிண்டர் தீர்ந்து நாலு வீட்டுல விறகு பொறுக்குறாங்க," என்றார். ஜீப்பக்கா சரியென்றாள். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வண்டி நின்ற நாளிலிருந்து அவளுக்கு வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் இடம் போதவில்லை. மத்தியானம் கண்ணயர்ந்தால் இடது கால் தானாக நீண்டு தரையை அமுக்கும். வலது கை அரிசி டப்பாவின் மூடியைப் பிடித்து இரண்டாவது கியருக்குத் தள்ளும்.

இடம் போதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெருவைப் பார்த்த முன்னறை அவள் கணவருடைய கிளினிக்; அவர் பல் டாக்டர். பின்சந்தைப் பார்த்த ஷெட் தம்பியுடைய பட்டறை. இரண்டுக்கும் நடுவில் அவளுடைய சமையலறை. முன்பக்கமிருந்து கிராம்புத் தைலமும் பின்பக்கமிருந்து கியர் ஆயிலும் மணக்க, நடுவில் அவள் சமைப்பாள். இந்த இரண்டு ஆண்களும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று போன மைத்துனனுக்கு டாக்டர் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார் என்பது தம்பியின் கட்சி. பிடுங்க வேண்டிய பல்லைத்தான் பிடுங்கினேன் என்பது டாக்டரின் கட்சி. அன்றிலிருந்து மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் எல்லாப் பேச்சும் ஜீப்பக்கா வழியாகத்தான் போய்வந்தது. "அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட அந்த உப்பை நகர்த்தச் சொல்லு." "உன் தம்பிகிட்ட சொல்லு, உப்பு அவன் பக்கத்துலயே இருக்குன்னு." அவளும் இரண்டையும் வரி பிசகாமல் சொல்வாள். அவள் மலைமேல் இருந்த நாட்களில் மத்தியானச் சாப்பாடு இரண்டு ஆண்களும் உப்பில்லாமலேதான் சாப்பிட்டார்கள்.

பல் முளைத்த செய்தியும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. "துருவா இருக்கும்னு சொல்லு," என்றார் டாக்டர், தட்டிலிருந்து தலை தூக்காமல். தொழில்ரீதியாக அவருக்கு அது கொஞ்சம் உறுத்தியிருந்தது என்பது காது சிவந்ததிலிருந்து தெரிந்தது. அதற்குள் கியர்பாக்ஸிடம் வேறு சில மாற்றங்களும் தெரிய ஆரம்பித்திருந்தன. ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் கசிந்தது. தம்பி மூன்று தடவை ஆயில் சீல் மாற்றினான். மூன்று தடவையும் கசிந்தது. பக்கத்தில் வைத்த மரச்சுத்தியலின் பிடியில் காலையில் பார்த்தால் கடித்த தடம். ஸ்பேனர் ஒன்றின் ரப்பர் உறை காணவே காணோம். சீல் வீங்கி, தொட்டால் சுட்டது. ஒன்பதாம் தேதி ஜீப்பக்கா கிளினிக்குக்குப் போய், காலியாகக் கிடந்த நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, எனக்காக ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க. அவன்கிட்ட பேச வேண்டாம். அதைப் பார்த்தா போதும்," என்றாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு டாக்டர், வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் வந்தார்.

நோயாளியைப் பார்க்கிற அதே கவனத்தோடு பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வட்டக் கண்ணாடியை ஷாஃப்ட்டைச் சுற்றிக் கொண்டுபோனார். கொக்கிக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். தெர்மாமீட்டரை ஆயில் ஊற்றுகிற துளைக்குள் வைத்தார், நூற்றொன்று காட்டியது. அதற்குள் இரண்டாவது பல்லும் எட்டிப் பார்த்திருந்தது, மூன்றாவதற்கு இடம் வீங்கியிருந்தது. பழைய பத்துப் பற்களும், பஸ்ஸில் ஆள் ஏறும்போது உட்கார்ந்திருப்பவர்கள் மனமில்லாமல் நகர்வதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி உட்கார்ந்திருந்தன.

"ஜொள்ளு எத்தனை நாளா வடியுது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, ஆறு நாளான்னு சொல்லு. அப்புறம் அது ஜொள்ளு இல்ல, ஆயில்னும் சொல்லு."

"ஆறு நாளாம். ஆயிலாம்."

"பல்லு முளைக்கும்போது வடியத்தான் செய்யும். சீலை மாத்தி மாத்திக் கழுத்தறுக்க வேண்டாம்னு சொல்லு. கடிக்கிறதுக்கு ஏதாவது ரப்பரைப் போடச் சொல்லு. பயப்பட ஒண்ணுமில்ல. இது பால் பல்லு."

அன்றிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பழைய ரப்பர் புஷ் கொடுக்கப்பட்டது. கெட்டி ஆயிலை வடித்துவிட்டு இளகின ஆயில் ஊற்றினார்கள். பதினெட்டாம் தேதி நான்காவது பல்லும் முழுசாக வெளியே வந்து, காய்ச்சல் இறங்கி, ஜொள்ளு நின்றது. தம்பி சுவரிலிருந்து கிளட்ச் பிளேட்டை எடுத்து ஷாஃப்ட்டில் வைத்தான். அது வழுக்கிக்கொண்டு போய், டக்கென்று உட்கார்ந்தது. கடைந்து வைத்த மாதிரி இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பிளேட்டை வெளியே எடுப்பதும் உள்ளே போடுவதுமாக இருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க அவனுக்கு அலுக்கவில்லை.

டாக்டருக்கு அந்தச் சத்தம் முன்னறைவரை கேட்டது. மேஜையில், "உன் தம்பிகிட்ட சொல்லு. பால் பல்லுக்கு வேர் ஆழமில்ல. பாரம் ஏத்தினா விழுந்துடும். விழுந்து, நிலைச்ச பல்லு வர்ற வரைக்கும் பொறுக்கணும்," என்றார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுக்கா. இரும்புல ஏது பாலு? இரும்பு இரும்புதான். முப்பதாம் தேதி வரைக்கும் பொறுத்துட்டு, அப்புறம் நீ மலைக்கு நடந்து போ."

இரண்டையும் வரி பிசகாமல் சொன்னாள் ஜீப்பக்கா. சொல்லிவிட்டு யோசித்தாள். புருஷன் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் சொன்ன நியாயத்தை நம்பி யாரும் கடைசியாக எப்போது அந்த நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. அதோடு அவளுக்கு மலையின் காற்று வேண்டியிருந்தது. இருபதாம் தேதி காலை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து மாட்டச் சொன்னது அவள்தான். இதில் தம்பியைக் குறைசொல்ல இடமில்லை. மத்தியானம் ஆறு சிலிண்டரை ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். டீசல் இன்ஜின் திடமாக உறுமியது. கடைத்தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, வெண்ணெயில் கத்தி. மூன்றாவது வளைவில் இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விட்டபோது, சோற்றில் கல்லைக் கடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு இன்ஜின் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்க, ஜீப் மெதுவாகப் பின்னால் இறங்க ஆரம்பித்தது.

கைப்பிரேக்கைப் பிடுங்கி இழுத்து, பின்பக்கத்தைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். கிளட்ச் பெட்டியின் அடிமூடியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து அவள் உள்ளங்கையில் நான்கு பல் விழுந்தது. சின்னது, வெள்ளை, குட்டையான வேர். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. அதை ரசிக்கிற நிலையில் அவள் இல்லை. சுவரில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். முன்னால் ஒரு கதவும் பின்னால் ஒரு கதவுமாக அவள் வீடு தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. அதற்குள் மிச்ச வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து உப்பை நகர்த்தச் சொல்வதை நினைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே, வந்த வழியே ஜீப்பைக் கயிறு கட்டி இறக்க ஒரு லாரிக்குக் கைகாட்டினாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டு வைக்கவில்லை. நான்கு பல்லை மட்டும் நடுவில் வைத்தாள். டாக்டர் வாயைத் திறந்து, "உன் தம்பிகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"சொல்ல மாட்டேன்," என்றாள் ஜீப்பக்கா. "பதினோரு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கிளட்ச் பிளேட்டா நின்னு நான் தேஞ்சு போயிட்டேன். ஒருத்தர் முன்னாடி இழுக்க, ஒருத்தர் பின்னாடி இழுக்க. இனிமே ஒரு வார்த்தை கொண்டுபோக மாட்டேன், கொண்டுவர மாட்டேன். பேசணும்னா நேரா பேசிக்கங்க. முடியலேன்னா ரெண்டு பேரும் ஊமையா இருங்க. எனக்கு முப்பதாம் தேதி வண்டி வேணும்."

மறுநாள் முழுக்க வீட்டில் சத்தமில்லை. அதற்கடுத்த நாள், தம்பி கழற்றி மறுபடி பெஞ்சில் நிறுத்தியிருந்த கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டில், விழுந்த பற்களின் இடத்தில் பெரிய, லேசாக மஞ்சளோடிய, சதுரமான நுனிகள் தெரிந்தன. டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு தானாகவே பின்பக்கம் வந்தார். இரண்டு ஆண்களும் பெஞ்சின் இருபக்கமும் நின்றார்கள். நடுவில் ஜீப்பக்கா இல்லாததால் வார்த்தை போக வழியில்லாமல் சற்று நேரம் திண்டாடியது. கடைசியில் டாக்டர் குனிந்து, "ஏ கியர்பாக்ஸு, உன் மெக்கானிக்கிட்ட சொல்லு. இது நிலைச்ச பல்லு. இதுக்கு வேர் முழுசா இருக்குன்னு," என்றார். தம்பியும் குனிந்து, "உன் டாக்டர்கிட்ட கேளு, எத்தனை நாள் ஆகும்னு," என்றான். கியர்பாக்ஸ் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அந்த வகையில் அது ஜீப்பக்காவைவிட மோசமில்லை. நான்கு நாள் இப்படியே போயிற்று.

இருபத்தாறாம் தேதி நான்கு பல்லும் முழுதாக வந்துவிட்டன. வந்ததில் மூன்று நேராக இருந்தது, பன்னிரண்டாவது பல் கோணல். தலைமயிர் கனம்தான் கோணல், ஆனால் பிளேட் பாதி போய் நின்றுகொண்டது. தம்பி அரத்தை எடுத்தான். டாக்டர் அவன் கையைப் பிடித்தார். தேய்த்தால் எனாமல் போய்விடும், போனால் ஒரு வருஷத்தில் சொத்தைதான் என்பதைக் கியர்பாக்ஸுக்கு நீளமாக விளக்கினார். இதற்குக் கம்பிதான் கட்ட வேண்டும். மனுஷ வாயில் அதற்கு இரண்டு வருஷம் ஆகும். இங்கே மூன்று நாள்தான் இருந்தது. கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த கம்பியைக் கட்டினார்; ஷாஃப்ட் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. தம்பி தாடையைச் சொறிந்தான். இன்ஜின் வால்வு ஸ்பிரிங்கின் கம்பியை நீட்டி, சுடவைத்து, எண்ணெயில் தோய்த்து, இழுப்பு விடாத மாதிரி ஒன்றைச் செய்து பெஞ்சின்மேல் வைத்தான். எங்கே கட்டுவது என்று அவனுக்குத் தெரியாது. எப்படிச் செய்வது என்று டாக்டருக்குத் தெரியாது. இரண்டு பேரும் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இருபத்தெட்டாம் தேதி மாலை நாலு மணிக்கு, இரண்டு கையிலும் டீ டம்ளரோடு ஷெட் வாசலுக்கு வந்த ஜீப்பக்கா உள்ளே கேட்ட குரலில் அப்படியே நின்றாள்.

"டார்ச்சை இங்க காட்டு மாப்ள. இன்னும் கீழ."

"இப்படியா மாமா?"

"அப்படித்தான். இப்ப அரைச் சுத்து முறுக்கு. பலவந்தம் பண்ணாத. பல்லுக்குத் தெரியாம நகர்த்தணும்."

முறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் குரல்: "அன்னைக்கு நீங்க புடுங்கினது தப்பான பல்லுதான் மாமா."

"தெரியும் மாப்ள. கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வாயெடுத்தேன். நீ வாய் நிறைய பஞ்சை வச்சுக்கிட்டு ஏதோ கத்தினே. என்னான்னே புரியல."

"உங்களைத் திட்டினேன்."

"நல்லா திட்டினியா?"

"ரொம்ப நல்லா."

"அப்ப சரி. இன்னும் கால் சுத்து முறுக்கு."

ஜீப்பக்கா உள்ளே போகவில்லை. வாசலில் கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீயையும் தானே குடித்தாள். உள்ளே இரண்டு பேரும் டீ இன்னும் வரவில்லையே என்று அவளை ஒன்றாகச் சேர்ந்து குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

முப்பதாம் தேதி காலை பன்னிரண்டாவது பல் நேராகியிருந்தது. ஆனால் கம்பியைக் கழற்றக் கூடாது, கழற்றினால் மறுபடி பழைய இடத்துக்கே போய்விடும் என்றார் டாக்டர். ஆகவே கம்பியோடேயே மாட்டினார்கள். கம்பி கிடக்கக் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை விளிம்பில் தம்பி நூல் அளவு இடம் செதுக்கினான். எட்டரைக்கு ஜீப் கிளம்பியது. முன்னால் ஜீப்பக்கா, பின்னால் பதினொரு சிலிண்டர், சிலிண்டர்களுக்கு நடுவில் ஸ்பேனர் பெட்டியோடு தம்பியும் மருத்துவப் பெட்டியோடு டாக்டரும். மூன்றாவது வளைவில் மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் பாதை நிமிர்ந்தது. ஜீப்பக்கா முதல் கியரைப் போட்டு, நாலு சக்கரத்தையும் சேர்த்து, கிளட்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவது மாதிரி விட்டாள். அடியில் எங்கோ மெல்லக் கவ்வுகிற சத்தம் கேட்டது. ஜீப் பாதையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு ஏறியது. சக்கரம் போன இடத்தில் பாறையின்மேல் வரிசையாகப் பல் பதிந்த தடம் இருந்தது. அது இன்னும் இருக்கிறது. மழை நாட்களில் மற்ற வண்டிகள் அந்தத் தடத்தில் சக்கரத்தை வைத்துத்தான் ஏறுகின்றன. பதினொன்றாவது வளைவில் டாக்டர், "கொஞ்சம் மெதுவா போகச் சொல்லு மாப்ள உங்கக்காவை," என்றார். தம்பி, "உங்க பொண்டாட்டிதானே மாமா, நீங்களே சொல்லுங்க," என்றான். யார் சொல்லியும் அவள் மெதுவாகப் போகவில்லை.

பத்து நாற்பதுக்கு மேலே போய் நின்றபோது செயலாளர் அம்மாள் கையில் நோட்டோடு காத்திருந்தார். வண்டியைச் சுற்றிவந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"பல்லுக்குக் கம்பி போட்டிருக்கீங்களா?"

"ஆமாம்மா. ஒரு பல்லு கோணலா வந்துச்சு," என்றாள் ஜீப்பக்கா.

"என் பொண்ணுக்கும் போட்டிருக்கு. டவுன்ல ரெண்டு வருஷம்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாள்."

அம்மாள் உரிமைத் தாளில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். பிறகு, "யாரு போட்டது?" என்று கேட்டார். ஜீப்பக்கா சிலிண்டர்களுக்கு நடுவில் கைகாட்டினாள். அன்று மாலை இறங்கும்போது ஜீப்பில் ஏழு பேர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த சில வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிளினிக்கில் உட்கார இடமில்லாமல் போயிற்று; டாக்டர் மனுஷர்களைக் காலையிலும் கியர்பாக்ஸ்களை மாலையிலும் பார்த்தார். வெளியூர் மெக்கானிக்குகள் சேராத ஷாஃப்ட்டையும் பிளேட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டையும் எதிரெதிரே வைத்துவிட்டு, அவசரப்படாமல் ஒரு மாதம் விட வேண்டும் என்பதுதான் சிகிச்சை என்றதும் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். ஒரு டிராக்டரின் கியர்பாக்ஸ் மட்டும் எவ்வளவு நாள் வைத்தும் பல் முளைக்காமல் பொக்கையாகவே இருந்தது. அதன் சொந்தக்காரர் அதை அப்படியே ஓட்டிக்கொண்டு போனார், கொஞ்சம் குழறினாலும் போயிற்று. முன்னறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் சமையலறைச் சுவரில் ஒரு ஜன்னல் உடைத்தார்கள். மாமாவும் மாப்பிள்ளையும் அந்த ஜன்னல் வழியாக நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஜீப்பக்கா பெரும்பாலும் மலைமேல் இருந்ததால் அவளுக்குத் தொந்தரவில்லை. கம்பெனியின் புது பிக்கப் ஒரே ஒரு தடவை வந்தது. ஒன்பதாவது வளைவில் நின்று யோசித்தது. அதை இழுத்து விட்டதும் ஜீப்பக்காதான்.

முதல் பல் முளைத்ததிலிருந்து பதினேழாவது வருஷம் ஷாஃப்ட்டில் பதினைந்தாவதாக ஒரு பல் முளைத்தது. கடைசி ஓரத்தில், யாருக்கும் தேவையில்லாத இடத்தில். டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு ஞானப்பல் என்றார். கிளட்ச் பிளேட்டும் மறுப்புச் சொல்லாமல் ஒரு காடி விட்டுக்கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு ஜீப் பின்னால் ஆள் நின்றால் ரிவர்ஸ் கியரை ஏற்பதில்லை; மேகம் மூடினால் தானாகவே கியரைக் குறைத்துக்கொள்ளும்; கோபித்துக்கொண்டு போகிற மருமகள்கள் ஏறினால் ஐந்தாவது வளைவில் காரணமில்லாமல் அரை மணி நேரம் நின்றுவிடும், அதற்குள் அவர்களில் பாதிப் பேர் இறங்கி வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். ஒரே சிக்கல், வருஷாந்திர வண்டிப் பரிசோதனையில் அது தேறுமா என்பதுதான். பிடுங்கிவிடலாம் என்றான் தம்பி. டாக்டர், பிடுங்குகிற விஷயத்தில் தான் இப்போதெல்லாம் ரொம்ப யோசிப்பதாகச் சொன்னார்.

பரிசோதனை அலுவலகத்தில் அன்று நல்ல கூட்டம். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி விளக்கு, ஹாரன், பிரேக், புகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டு வந்தார். குழிக்குள் இறங்கி டார்ச் அடித்தார். அவர் ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, தாளை இரண்டு தடவை புரட்டினார். பல்லுக்கென்று அதில் இடம் இல்லை. 'இதர விவரம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "ஞானப்பல்லு ஒண்ணு கூடுதலா வந்திருக்கு போல," என்றார்.

"ஆமா சார்."

"வலி ஏதும் இருக்கா?"

ஜீப்பக்கா இன்ஜினைப் போட்டு, கிளட்சை அமுக்கி, முதல் கியரிலிருந்து நான்காவது வரைக்கும் ஒவ்வொன்றாக மாற்றி, தலையைச் சாய்த்து நன்றாகக் கேட்டாள்.

"இல்லீங்க சார்."

அதிகாரி 'வலி இல்லை' என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.